இரவல் வாயும் நோன்புப் பாட்டும்

ஒருவர் தம் இறைநம்பிக்கையைப் பாட்டாக்கிப் பொதுவில் வைத்தபின், அந்த நம்பிக்கையைக் கொள்ளாத இன்னொருவர் அதே பாட்டைத் தம் வாயால் பாடலாமா, பாடினால் அது பொய்யாகுமா என்பது பக்தி இலக்கியம் தோன்றிய காலத்திலிருந்தே கூட வந்துகொண்டிருக்கும் கேள்வி. 2020ஆம் ஆண்டு டென்மார்க்கில் இந்தக் கேள்வி நாடாளுமன்ற அரசியல்வாதிகளையும் நாளிதழ்களையும் தொலைக்காட்சியையும் ஒருசேர ஆட்டிப் படைத்தது. கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ அதற்குக் காரணமாகவில்லை; ராப் பாடி வளர்ந்த ஒருவர் எழுதிய ஒரேயொரு பாட்டு காரணமாயிற்று. ஹிப்ஹாப் பண்பாடு மைய நீரோட்ட ஊடகங்களில் உண்டாக்கிய தாக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உடை, விளம்பரம், விற்பனை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். அதைவிட ஆழத்தில் அப்பண்பாடு கிளப்பிய சமயக் கேள்வி, சொல்லுக்கும் சொல்பவருக்கும் இடையிலான உறவைப் பற்றியது. அது தமிழருக்குப் புதிதன்று.

கோபனாகனின் தென்மேற்கே கொயெ விரிகுடாவின் கரையை ஒட்டி ஓடும் மின்ரயில் பாதையில் புரொண்ட்பி ஸ்ட்ராண்ட், வலன்ஸ்பெக், இஷொய் என்று நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. 1960களிலும் 70களிலும் தலைநகரின் வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்கக் கான்கிரீட் பலகைகளை அடுக்கி இங்கே குடியிருப்புத் தொகுதிகள் எழுப்பப்பட்டன. இஷொயின் வைலெஓபார்க்கன் அவற்றுள் ஒன்று. துருக்கி, பாகிஸ்தான், யூகோஸ்லாவியா, மொரோக்கோ ஆகிய நாடுகளிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்களும், 1973இல் டென்மார்க் வெளிநாட்டுத் தொழிலாளர் வரவை நிறுத்திய பின் குடும்பமாகச் சேர்ந்துகொண்டவர்களும் இந்தக் கரையோரத்தில் நிலைகொண்டனர். இஷொயில் ரயில் பாதைக்கு ஒருபுறம் வெள்ளையடித்த தேவாலயத்தோடு பழைய கிராமம் இன்றும் இருக்கிறது. மறுபுறம் கடலருகே 1996இல் திறக்கப்பட்ட நவீனக் கலைக்கூடம் கப்பல் தரைதட்டியது போல் நிற்கிறது. அதன் பெயரான ஆர்க்கன் என்பதற்கு டேனிய மொழியில் பேழை என்று பொருள். டேனியச் செய்தி ஊடகம் இந்த வட்டாரத்தைப் பற்றி நெடுங்காலமாகப் பேசிவந்திருக்கிறது. இங்குள்ளோர் தாமே பேசும் குரல் அதே அளவுக்கு ஒலித்தது என்று சொல்ல முடியாது.

இஷொயிலிருந்து இரண்டு நிலையம் தள்ளியிருக்கும் புரொண்ட்பி ஸ்ட்ராண்டில் 1997இல் அவுட்லாண்டிஷ் என்ற ராப் குழு உருவானது. மொரோக்கோப் பெற்றோரின் மகன் இசாம் பச்சிரி, பாகிஸ்தான் பெற்றோரின் மகன் வக்காஸ் அலி காத்ரி, ஹொண்டுராஸ் பின்னணி கொண்ட லென்னி மார்ட்டினெஸ் ஆகிய மூவரில் முன்னிருவர் முஸ்லிம்கள், மூன்றாமவர் கிறித்தவர். ஒரே பாட்டுக்குள் ஆங்கிலம், ஸ்பானியம், அரபு, உருது, டேனியம் எனப் பல மொழிகளைக் கலந்து பாடிய இந்த நண்பர்கள், 2002இல் வெளிவந்த இரண்டாம் தொகுப்பின் வழியாக நாடறிந்தவர்களாயினர். பிரெஞ்சுப் பாடலாசிரியர் ஜான்-ஜாக் கோல்ட்மன் எழுதி, அல்ஜீரியப் பாடகர் காலித் 1996இல் பாடிய ‘ஆயிஷா’ என்ற பாட்டுக்கு அவர்கள் கொடுத்த புது வடிவம் ஐரோப்பாவின் பல நாடுகளில் வரிசைப் பட்டியல்களின் உச்சிக்குப் போயிற்று. வானொலி அதை நாள்தோறும் ஒலிபரப்பியது. எவரும் அதை ஒரு சமய நிகழ்வாகக் கருதவில்லை. இந்த அமைதியையும் 2020இல் எழுந்த கொந்தளிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் பிரச்சினையின் வேர் எங்கே இருக்கிறது என்பது புலப்படும்.

ஹிப்ஹாப்பைச் சமயச் சார்பற்ற தெருக்கலை என்று நினைப்பது பாதி உண்மை மட்டுமே. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் சாலையின் 1520ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்து அதன் பிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அதன் சொல்முறைக்குள் கறுப்பினத் தேவாலயங்களில் போதகரின் கூவலுக்குச் சபை எதிர்க்குரல் கொடுக்கும் வழக்கமும், 1964இல் ஹார்லமில் தோன்றிய ‘ஐந்து விழுக்காட்டார்’ என்ற இயக்கத்தின் போதனையும் ஊறிக் கிடக்கின்றன. மக்களில் எண்பத்தைந்து விழுக்காட்டினர் அறியாமையில் இருக்கின்றனர், பத்து விழுக்காட்டினர் அறிந்தும் ஏமாற்றுகின்றனர், எஞ்சிய ஐந்து விழுக்காட்டினரே உண்மையைக் கற்பிக்கும் ஏழை ஆசிரியர்கள் என்பது அவ்வியக்கத்தின் நம்பிக்கை. ராக்கிம் முதலிய பெருங்கவிஞர்கள் அதன் சொற்களை ராப்புக்குள் கொண்டுவந்தனர். ராப் பாடுவோர் வட்டமாக நின்று ஒருவர் பின் ஒருவராக அந்தக் கணத்தில் பாட்டுக் கட்டுவதைக் குறிக்கும் ‘சைஃபர்’ என்ற சொல்லும் அந்த இயக்கத்தின் வழியே வந்ததுதான்.

அந்த வட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். அங்கே மேடையில்லை, பாடுபவரும் கேட்பவரும் தோளோடு தோள் உரச நிற்கின்றனர். ஒருவர் வாயாலேயே தாளம் எழுப்ப, நடுவே காலடி வைத்தவர் தம் மூச்சு தீரும்வரை சொல்லடுக்குகிறார். சொல் தடுமாறினால் உடனே தெரிந்துவிடும். பிறர் கட்டிய வரியைத் தமது போல் பாடினால் அதைக் ‘கடித்தல்’ என்று சொல்லி வெளியே தள்ளிவிடுவார்கள். வாழாத வாழ்வை வாழ்ந்ததாகச் சொன்னால் அங்கே நிற்கும் நண்பனே சிரித்துக் காட்டிக் கொடுப்பான். இசையின் இனிமைக்கு முன்பாக அந்த வட்டம் சொல்பவரின் மெய்ம்மையையே சோதிக்கிறது. ஹிப்ஹாப்பின் அறம் முழுவதும் இந்த ஒரு சோதனையில் அடங்கும்.

இஸ்லாமிய மரபில் கவிஞர்களைப் பற்றிய மிகப் பழைய எச்சரிக்கையும் இதே சோதனையைத்தான் முன்வைக்கிறது என்பது கவனத்துக்குரியது. குர்ஆனின் 26ஆம் அத்தியாயத்துக்குக் ‘கவிஞர்கள்’ என்றே பெயர். அதன் இறுதி வசனங்கள், கவிஞர்கள் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் மனம்போல் அலைகிறார்கள் என்றும், தாம் செய்யாததைச் செய்வதாகச் சொல்கிறார்கள் என்றும் குற்றஞ்சாட்டுகின்றன. உடனே ஒரு விலக்கும் தரப்படுகிறது: நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிந்து இறைவனை மிகுதியாக நினைப்பவர்களும், அநீதிக்கு ஆளானபின் தம்மைத் தற்காத்துப் பேசுபவர்களும் அந்தக் குற்றச்சாட்டுக்கு உட்பட்டவர்கள் அல்லர். நபிகளின் சார்பில் கவி பாடிய ஹஸ்ஸான் இப்னு தாபித் இந்த விலக்கின் எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகிறார். ஆகவே கவிதையை முழுதாக ஒதுக்குவது அந்த வசனங்களின் நோக்கமன்று. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே விழும் பிளவே அங்கே கடிந்துகொள்ளப்படுகிறது. அநீதிக்கு எதிரான சொல்லுக்கு இடம் திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. பிராங்க்ஸ் தெருவிலும் கொயெ விரிகுடாக் கரையிலும் இளைஞர்கள் ராப்பிடம் எதிர்பார்த்ததும் இவ்விரண்டைத்தான். அவர்களில் பலர் அந்த வசனங்களை ஒருமுறைகூட ஓதியிராதவர்களாக இருக்கலாம்.

2005 செப்டம்பர் 30 அன்று யூலண்ட்ஸ்-போஸ்டன் என்ற டேனிய நாளிதழ் நபிகளைப் பற்றிய 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் டமாஸ்கசிலும் பெய்ரூத்திலும் டேனியத் தூதரகங்களுக்குத் தீ வைக்கப்படும் அளவுக்கு அதன் விளைவு வளர்ந்தது. அந்த 2005ஆம் ஆண்டிலேயே அவுட்லாண்டிஷ் வெளியிட்ட தொகுப்பின் ஆங்கிலப் பெயர், மனிதனின் பிடரி நரம்பைவிட இறைவன் அவனுக்கு நெருக்கமானவன் என்ற குர்ஆனின் 50ஆம் அத்தியாயக் கருத்திலிருந்து எடுக்கப்பட்டது. அர்ஜென்டினப் பாடகர் லியோன் கியேகோ 1978இல் வெளியிட்ட, பிறர் துன்பத்தில் தான் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது என்று கடவுளிடம் கேட்கும் பாட்டின் ஆங்கில வடிவமும் அதில் இடம்பெற்றது. கிறித்தவச் சூழலில் பிறந்த அந்த வேண்டுதலை இரு முஸ்லிம்களும் ஒரு கிறித்தவரும் சேர்ந்து பாடியதில், பின்னாளைய விவாதத்துக்கான விடையின் ஒரு பகுதி முன்கூட்டியே இருந்தது என்று கருத இடமுண்டு.

மைய நீரோட்ட ஊடகம் சிறுபான்மையினரிடம் கேட்பது பெரும்பாலும் பிரதிநிதித்துவத்தை: ‘உங்கள் மக்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்’ என்ற கேள்வியை. ராப் கொடுக்க வல்லது சாட்சியத்தை: ‘இது எனக்கு நேர்ந்தது, இதை நான் கண்டேன்’ என்ற கூற்றை. இரண்டும் ஒன்றல்ல. பிரதிநிதி ஆயிரம் பேருக்காகப் பேச வேண்டியிருப்பதால் தம் ஐயத்தையும் தடுமாற்றத்தையும் மறைத்தாக வேண்டும். சாட்சி தம் ஒரு வாயை மட்டுமே பொறுப்பில் வைக்கிறார். இஸ்லாத்தின் முதற்கடமையான ஷஹாதா என்ற அரபுச் சொல்லுக்கே சாட்சி கூறுதல் என்று பொருள். பப்ளிக் எனிமி குழுவின் சக் டி, ராப்பைக் கறுப்பின மக்களின் செய்தித் தொலைக்காட்சியோடு ஒப்பிட்டதும் இந்தச் சாட்சியப் பண்பை மனத்தில் கொண்டுதான்.

டென்மார்க்கில் வாழும் தமிழர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஈழப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களின் குடும்பத்தார் வந்து சேர்வதை நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் 1987 முதல் சட்டத்துக்குப் புறம்பாகத் தடுத்துவைத்தார். அது வெளியாகி விசாரணை நடந்து, 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹான்சன் தண்டிக்கப்பட்டார். டேனிய அரசியல் வரலாற்றில் இது ‘தமிழர் வழக்கு’ என்றே பெயர் பெற்றிருக்கிறது. ஓர் ஆட்சியையே கவிழ்த்த அந்தச் செய்தி ஆண்டுக்கணக்கில் தலைப்புகளில் நின்றபோதும், தமிழர் அதில் வழக்கின் பொருளாக இருந்தார்களேயன்றிப் பேசும் வாயாக இருந்தது குறைவு. மனைவியும் மக்களும் வரக் காத்திருந்த ஒரு தந்தையின் இரவு எப்படிக் கழிந்தது என்பது விசாரணை அறிக்கையில் வரக்கூடிய செய்தியன்று. அது பாட்டில் வந்திருக்க வேண்டிய செய்தி.

இனி, வானொலியில் ஒலித்தபோது எவரையும் கலக்காத குரல் 2020இல் ஒரு பாட்டுப் புத்தகத்துக்குள் நுழைந்ததும் ஏன் கலக்கிற்று என்ற கேள்விக்கு வரலாம். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் பெருநூலான ‘இஹ்யா உலூமுத்தீன்’ என்பதில் இசை கேட்பதைப் பற்றித் தனியொரு பகுதி எழுதியிருக்கிறார். இறைநினைவோடு பாட்டுக் கேட்டலைக் குறிக்கும் ‘சமா’ என்ற சொல்லை விளக்கும் அவர், முந்தைய சூஃபியரின் கருத்தைத் தழுவி, அதற்குரிய காலம், அதற்குரிய இடம், அதற்குரிய தோழர்கள் என்ற மூன்றும் அமைய வேண்டும் என்கிறார். பாட்டு மனத்துக்குள் இல்லாத எதையும் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை, உள்ளே கிடப்பதைக் கிளறிவிடுகிறது என்ற கருத்தையும் எடுத்துக்காட்டுகிறார். இசையை முற்றிலும் விலக்கும் அறிஞர்களும் இஸ்லாத்தில் உண்டு, அவர்களின் வாதம் எளிதானதன்று. ஆயினும் இங்கே தேவைப்படுவது கஸ்ஸாலியின் மூன்று நிபந்தனைகளே.

தெருமுனைச் சைஃபர் வட்டம் இம்மூன்றையும் நிறைவு செய்கிறது: குறித்த மாலைப் பொழுது, குறித்த கட்டடத்தின் அடி, குறித்த முகங்கள். ஒலிபரப்பு இம்மூன்றையும் உரித்துவிடுகிறது. வானொலியில் வரும் பாட்டுக்கு இடமில்லை, எல்லா இடமும் அதன் இடம். காலமில்லை, சவர நேரமும் சமையல் நேரமும் அதற்கு ஒன்றே. தோழரில்லை, கேட்பவர் தனியர். இடமும் காலமும் துணையும் கழன்ற சொல் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. அதனால்தான் அது எவரையும் தொந்தரவு செய்வதுமில்லை. மைய நீரோட்ட ஊடகம் ஹிப்ஹாப்பை எளிதாக விழுங்கிக்கொண்டதன் இரகசியம் இதுவே: சாட்சியத்தின் ஓசையை அது வைத்துக்கொண்டது, சாட்சியம் கேட்பவரிடம் கோரும் பதிலை விட்டுவிட்டது.

அந்தக் குரல் நுழைந்த புத்தகமான, டேனியரின் உயர்பள்ளிப் பாட்டேடு ஒலிபரப்புக்கு நேர் எதிரான ஊடகம். அதைப் புரிந்துகொள்ள குருன்ட்விக் (1783–1872) என்ற பாதிரியாரை அறிய வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துதிப்பாடல்களை எழுதிய அவர், 1825இல் தாம் ‘ஒப்பற்ற கண்டுபிடிப்பு’ என்று அழைத்த முடிவுக்கு வந்தார்: திருச்சபை எழுதப்பட்ட நூலின் மேல் நிற்கவில்லை, ஞானஸ்நானத்தின்போது வாயால் அறிக்கையிடப்படும் உயிருள்ள சொல்லின் மேல் நிற்கிறது என்பதே அது. சாகும் எழுத்துக்கு எதிராக வாயிலிருந்து செவிக்குச் செல்லும் வாழும் சொல்லை அவர் வைத்தார். அவருடைய சிந்தனையிலிருந்து, தேர்வும் பட்டமும் இல்லாமல் வளர்ந்தோர் கூடி வாழ்ந்து கற்கும் மக்கள் உயர்பள்ளிகள் பிறந்தன. முதலாவது 1844இல் ரொத்திங்கில் தொடங்கியது. அங்கே விரிவுரைக்கு முன்னும் காலைக் கூட்டத்திலும் எல்லாரும் சேர்ந்து பாடுவது வழக்கம்; அந்தப் பாடல்களின் தொகுப்பு 1894 முதல் பதிப்பு பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. அது வெறும் உயர்பள்ளி நூலாக நிற்கவில்லை. பிறந்தநாளிலும் அடக்கத்திலும் அலுவலகக் கூட்டத்திலும் அந்த நீல ஏட்டைத் திறக்கும் பழக்கம் டேனியரிடம் இருக்கிறது. தேவாரத் திருமுறைகளையும் பள்ளிக்கூடக் கடவுள் வாழ்த்தையும் திரைப்பாடல் புத்தகத்தையும் ஒன்றாகக் கட்டினால் எப்படியிருக்குமோ, ஏறக்குறைய அப்படி.

வாழும் சொல்லைப் பற்றிய இந்த இறையியலை ஒரு ராப் பாடகர் கேட்டால் அதில் தம் கலையின் விளக்கத்தைக் காண்பார். அச்செழுத்தை நம்பாமல் வாயையும் மூச்சையும் எதிரே நிற்கும் முகத்தையும் நம்பும் இரு மரபுகள், ஒன்று லூத்தரன் பாதிரியாரிடமிருந்தும் மற்றொன்று பிராங்க்ஸ் தெருவிலிருந்தும் கிளம்பி, கோபனாகனின் புறநகரில் ஒன்றையொன்று சந்தித்தன என்று சொல்வது மிகையாகாது. அந்தச் சந்திப்பு 2020இல் நடந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் கொரோனா ஊரடங்கு தொடங்கியதும், டேனிய ஒலிபரப்பு நிறுவனத்தின் சிறுமியர் பாடகர் குழுவை அப்போது நடத்திய பிலிப் ஃபேபர், காலைதோறும் தம் வீட்டுப் பியானோவில் அமர்ந்து நாட்டு மக்களைத் தொலைக்காட்சி வழியே சேர்ந்து பாட வைத்தார். அதே ஊரடங்கில் ஏப்ரல் 24 முதல் மே 23 வரை ரமலான் நோன்பு வந்தது. பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தன, கூடி நோன்பு திறக்க வழியில்லை. தனித்தனி வீடுகளில் அடைந்து ஒரு சாரார் தொலைக்காட்சியோடு பாடினர், இன்னொரு சாரார் தொலைபேசியில் சலாம் சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் இட்டனர்.

நவம்பரில் பாட்டேட்டின் 19ஆம் பதிப்பு 601 பாடல்களுடன் வந்தது. ஏறத்தாழ 150 பாடல்கள் புதியவை. யோர்கன் கார்ல்சன் தலைமையிலான தேர்வுக்குழு சேர்த்த புதிய பாடல்களுள் ஒன்று, இசாம் பச்சிரி எழுதிய ‘கோபனாகனில் ரமலான்’. அது ராப் அன்று. கூட்டமாகப் பாடத் தோதான மெட்டில் அமைந்த டேனிய மொழிப் பாட்டு. பதிப்பு கைக்கு வருமுன்பே செய்தி பரவி, டேனிய மக்கள் கட்சியினர் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தனர். கிறித்தவ டேனியப் பாரம்பரியத்தைத் தாங்கும் நூலில் வேறொரு சமயத்தின் நோன்புக்கு என்ன இடம் என்பது அவர்களின் கேள்வி.

இந்த எதிர்ப்பை வெறும் வெறுப்பென்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. வெறுப்பு அதில் கலந்திருந்ததை மறுக்க முடியாதென்றாலும், அதற்குள் ஒரு மெய்யான சமயக் கவலையும் இருந்தது. பாட்டேடு என்பது கேட்பதற்கான ஊடகமன்று, பாடுவதற்கானது. ஆயிஷா பாட்டைக் கேட்டவர் தம் நம்பிக்கையை அசைக்காமல் காதை மட்டும் கொடுத்தார். ரமலான் பாட்டைப் பாடுபவர் வாயைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நோன்பிருக்காத ஒருவர் நோன்பைப் பாடினால், குர்ஆன் கவிஞர்கள் மேல் வைத்த குற்றச்சாட்டு, செய்யாததைச் சொல்லும் குற்றம், அவர் மேலேயே விழுகிறதல்லவா? குருன்ட்விக்கின் வழியில் நின்றாலும் இதே இடரே நேர்கிறது. வாயால் சொல்வது வெறும் ஒலியன்று, அறிக்கை என்று கற்பித்தவர் அவரே. மைய நீரோட்டத்துக்குள் நுழைந்த சாட்சியம் முதல்முறையாகக் கேட்பவரிடம் பதில் கோரியது. அந்தக் கோரலின் வலிதான் அந்த விவாதம்.

ஆனால் அதே கவலையைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். டேனியப் பாட்டை இளம் பொன்னிறக் கூந்தல் பெண்ணாக உருவகிக்கும், காய் ஹோஃப்மன் எழுதி கார்ல் நீல்சன் இசையமைத்த பழைய பாட்டொன்று இதே ஏட்டில் இருக்கிறது. 2018இல் ஓர் உயர்கல்வி நிறுவனக் கூட்டத்தில் அது பாடப்பட்டபோது, சிறுபான்மைப் பின்னணி கொண்ட ஓர் ஆசிரியர் அதில் தமக்கு இடமில்லை என்று உணர்ந்ததாகத் தெரிவித்ததும், அதுவும் நாடளாவிய சர்ச்சையாயிற்று. கருங்கூந்தல் பிள்ளைகள் தலைமுறையாக அந்தப் பாட்டுக்கும், கிறிஸ்துமஸ் துதிகளுக்கும் பள்ளிக்கூடத்தில் தம் வாயை இரவல் கொடுத்தே வந்திருக்கின்றனர். தேவதைக் கதைகளால் புகழ்பெற்ற ஆண்டர்சன் 1850இல் எழுதிய ‘டென்மார்க்கில் நான் பிறந்தேன்’ என்ற நாட்டுப்பற்றுப் பாட்டை இசாம் பச்சிரியே தம் குரலில் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தலைப்பு அவரளவில் எழுத்துக்கு எழுத்து உண்மை. இரவல் ஒரு திசையில் மட்டும் நெடுங்காலம் நடந்துவிட்டால், எதிர்த்திசையில் ஒரே ஒரு முறை கேட்கப்படும் இரவல் பறிப்பாகத் தோன்றுகிறது.

வாயை இரவல் கொடுப்பது பொய்யா என்ற கேள்விக்குத் தமிழ்ப் பக்தி மரபு ஆழமான விடை வைத்திருக்கிறது. ஓதுவார் தேவாரம் பாடும்போது ‘நான்’ என்று வரும் இடத்தில் அப்பரும் சம்பந்தரும் பேசுகின்றனர், ஓதுவார் பொய் சொல்வதில்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிப் பெண்ணின் பிரிவுத் துயரைப் பாடுகிறார். அதை அத்யயன உற்சவத்தில் சேவிக்கும் அரையரின் நாவில் இரண்டு இரவல் அடுக்கி நிற்கின்றன. நாகூர் ஹனிபாவின் கம்பீரக் குரலில் வந்த இஸ்லாமியப் பாடல்களைத் தமிழகத்தின் தேநீர்க் கடைகளில் திருநீறு பூசியவர்களும் கூடவே முணுமுணுத்தனர். அதனால் எவரும் மதம் மாறவில்லை, எவரும் பொய்யரும் ஆகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குணங்குடி மஸ்தான் சாகிபு சித்தர்களின் நடையில் பாடினார், அவரைச் சித்தராகவே கொண்டாடியோர் உண்டு. இங்கெல்லாம் வாய் அறிக்கையிடவில்லை; வீட்டுத் திண்ணையை வழிப்போக்கருக்குக் கொடுப்பதைப் போல் தன்னைக் கொடுக்கிறது. திண்ணை கொடுத்தவர் வீட்டை இழப்பதில்லை, வழிப்போக்கரும் தம் ஊரை மறப்பதில்லை.

அதே மரபு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. பாணர் குலத்தில் பிறந்ததால் திருவரங்கக் கோயிலுக்குள் நுழைய முடியாத திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார். உலோகசாரங்க முனிவர் அவர்மேல் கல்லெறிந்தார் என்றும், பின்னர் அரங்கனின் ஆணைப்படி அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்குள் கொண்டுசென்றார் என்றும் குருபரம்பரைக் கதை சொல்கிறது. நாதமுனிகள் தொகுத்த நாலாயிரத்தில் அந்தப் பத்துப் பாசுரங்களும் இடம்பெற்று இன்றுவரை சேவிக்கப்படுகின்றன. பாட்டு ஏட்டுக்குள் ஏறியபின் அவர் குலத்தாருக்குக் கோயில் திறந்ததா என்றால், பல நூற்றாண்டுகள் திறக்கவில்லை. பாட்டை ஏற்றுக்கொள்வதும் பாடியவரை ஏற்றுக்கொள்வதும் இருவேறு செயல்கள் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று தேவையில்லை. தமிழ் ஹிப்ஹாப் அண்மையில் கண்டதும் இதையே: தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்தும் ஒப்பாரி மரபிலிருந்தும் சொல்லெடுத்து ராப் பாடகர் அறிவு எழுதிப் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021இல் உலகெங்கும் ஒலித்தது, அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகி தீயும் ஈழப் பின்னணி கொண்ட கனடியக் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர், அறிவு இல்லை, எதிர்ப்பு எழுந்த பின்னரே அவருக்கென ஓர் இணைய அட்டை வந்தது. நிலமற்றவரின் சொல்லை ஊடகம் வாங்கிக்கொண்டது, முகத்தை வாங்கிக்கொள்ள நினைவூட்ட வேண்டியிருந்தது.

டேனியப் பாட்டேட்டின் செயலில் நன்மை மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அதில் ஓர் இழப்பும் உண்டு. சைஃபர் வட்டத்தின் சட்டப்படி ஒருவரின் வரியை இன்னொருவர் பாடக் கூடாது. கூட்டுப்பாட்டின் சட்டப்படி எல்லாரும் ஒரே வரியைப் பாட வேண்டும். ஏட்டுக்குள் நுழைய இசாம் பச்சிரி ராப்பை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. சாட்சியின் வேகமும் கோபமும் குறித்த தெருவின் பெயரறிந்த நெருக்கமும் மென்மையான மெட்டுக்கு வழிவிட்டன. அநீதிக்கு ஆளானபின் தற்காத்துப் பேசும் கவிஞருக்குக் குர்ஆன் விட்ட விலக்கை நினைத்தால், கோபமில்லாத பாட்டை மட்டும் உள்ளே அனுமதிக்கும் ஏடு பாதிச் சாட்சியத்தையே கேட்டது எனலாம். மறுபக்கத்தில், வானொலி உரித்துப்போட்ட மூன்றையும், இடத்தையும் காலத்தையும் தோழரையும், இந்த ஏடுதான் அந்தச் சொல்லுக்குத் திருப்பிக் கொடுத்தது. அதிகாலைக் கூட்டத்தில் நாற்பது பேர் பக்கம் புரட்டி ஒன்றாக மூச்செடுக்கும் கணத்தில், பாட விரும்பாதவர் வாயை மூடி நிற்பதுகூட ஒரு பதிலாகிறது; கஸ்ஸாலி சொன்னபடி உள்ளே கிடப்பது எதுவோ அது கிளறப்படுகிறது. அந்த மௌனத்தையும் மதிக்க வேண்டும், ஏனெனில் இரவல் என்பது கேட்டுப் பெறுவது.

நோன்பு அந்த நாட்டில் எப்படிப்பட்ட உடல் அனுபவம் என்பதை அறிந்தவர்க்கு அந்தப் பாட்டின் இருப்பு இன்னும் நெருக்கமாகப் புரியும். சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுவதால் ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னகர்கிறது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் அது ஜூனில் வந்தபோது இஷொயில் சூரியன் இரவு பத்து மணியை ஒட்டியே மறைந்தது, நடுநிசியிலும் வடவானம் முழுதாக இருளவில்லை. விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவுக்கும் நோன்பு திறப்புக்கும் இடையே பதினெட்டு மணிநேரத்துக்கும் மேல் தண்ணீர் இன்றிக் கழிக்க வேண்டியிருந்தது. 2031இல் அது டிசம்பர் நடுவில் தொடங்கும். அப்போது மாலை மூன்றரை மணி தாண்டியதுமே கடற்கரை இருண்டுவிடும்; பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்திலேயே நோன்பு திறக்கலாம். அதே மாலைகளில் எதிர்வீட்டுச் சன்னலில் கிறிஸ்து பிறப்பை எதிர்நோக்கும் நான்கு வாரங்களுக்கான மெழுகுவத்திகளில் கடைசி ஒன்றும் ஏற்றப்பட்டிருக்கும். பாட்டேட்டின் முந்தைய பதிப்புக்கும் 2020ஆம் ஆண்டுப் பதிப்புக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் ஓடின. அந்தக் கணக்கே தொடர்ந்தால், அடுத்த தேர்வுக்குழு எந்தப் பாட்டை வைப்பது, எதை எடுப்பது என்று கூடிப் பேசிக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய அந்தக் குளிர்காலங்களில்தான் இருக்கும்.